மீதியானின் கொள்ளைக் கணக்கு

எபிரேயரின் வேதத்தை, கிறிஸ்தவ அன்பர் பழைய ஏற்பாடு என வழங்கும் அப்பெரு நூலை, நம் மக்கள் இரு வகையாகக் கையாளக் காண்கிறோம். ஒரு சாரார் போரும் கொள்ளையும் வருமிடத்தில் ஏட்டை விரைந்து புரட்டிச் சங்கீதங்களுக்குத் தாவிவிடுவர். மற்றொரு சாரார் அவ்விடங்களை மட்டும் பொறுக்கி மனனம் செய்துகொண்டு மேடையேறி, இதோ இவர்தம் கடவுளின் இலட்சணம் எனக் கைகொட்டி நகைப்பர். முன்னவர் படிக்க அஞ்சுகின்றனர். பின்னவர் படித்து முடிக்கச் சோம்புகின்றனர். இவ்விரு சாராரோடும் நமக்கு வழக்கு உண்டு. நேயர்கள் சற்றே பொறுமையுடன் கேட்குமாறு வேண்டுகிறோம்.

எளிய பகுதியை எடுத்துக்கொண்டு வாதாடுவது வீரமாகாது. ஆதலின் அவ்வேதத்தில் மிகக் கொடியதெனக் கருதப்படும் பகுதியையே எடுப்போம். எண்ணாகமம் என்னும் ஆகமத்தின் 31ஆம் அதிகாரம் அது. கோத்திரத்திற்கு 1,000 பேராக 12,000 பேர் மீதியானியர்மேல் படையெடுக்கின்றனர். மீதியானின் ஐந்து அரசரும் ஆடவர் அனைவரும் வெட்டுண்கின்றனர், ஊர்கள் எரிகின்றன, பெண்டிரும் பிள்ளைகளும் சிறைப்படுகின்றனர். திரும்பி வரும் சேனையை மோசே பாளையத்திற்கு வெளியே எதிர்கொண்டு சினக்கின்றார். கொன்றது மிகை என்று சினந்தாரோ? இல்லை. கொன்றது போதாதென்றே சினக்கின்றார். ஆண் குழந்தைகளையும், ஆடவரை அறிந்த பெண்டிரையும் கொல்லுமாறும், கன்னியரை மட்டும் தமக்கென உயிரோடு வைத்துக்கொள்ளுமாறும் கட்டளை பிறக்கின்றது.

அதன்பின் வருவது கணக்கு. ஆடுகள் 675,000, மாடுகள் 72,000, கழுதைகள் 61,000, கன்னியர் 32,000. இவற்றுள் பாதி போர் செய்தார்க்கு, பாதி சபையார்க்கு. போர் செய்தார் பாதியில் ஐந்நூற்றுக்கு ஒன்று குருவாகிய எலெயாசாருக்கு; சபையார் பாதியில் ஐம்பதுக்கு ஒன்று லேவியர்க்கு. ஆகவே 675 ஆடு, 72 மாடு, 61 கழுதை, 32 பெண்கள் ஆண்டவன் பங்காகக் குருவின் கையில் ஒப்புவிக்கப்படுகின்றனர். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கணக்கப்பிள்ளை எவரும் இதனினும் செவ்வையாய் எழுதியிரார்.

ஆடு, மாடு, கழுதை, பெண். இவ்வரிசையை நேயர்கள் மீண்டும் ஒருமுறை நோக்குக. தலை எண்ணிப் பதியப்பெற்றுக் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரரும் பெயர்த்தியருமாய் இந்நாட்டில் வாழ்கின்றோர் நம்முட் பலர். இத்தகைய பட்டியலை நாம் கசப்பின்றிப் படித்தல் இயலுமா? இஃது எந்த நூலில் எழுதப்பெற்றிருப்பினும் தீது. எவர் பெயரால் கட்டளையிடப்பெற்றிருப்பினும் தீது. இதனைச் சொல்ல நமக்குத் தயக்கம் யாதுமில்லை.

இதனைக் காக்கப் புகுந்தோர் என்ன செய்தனர் என்பதைப் பார்ப்போம். தாமஸ் பெயின் என்னும் பேரறிஞர் 1795இல் வெளிவந்த தம் 'பகுத்தறிவின் காலம்' என்னும் நூலின் இரண்டாம் பாகத்தில் இவ்வதிகாரத்தை எடுத்துக்காட்டி, கன்னியரை உயிரோடு வைத்தது எதன் பொருட்டு என்று இடித்துரைத்தார். அடுத்த ஆண்டே, 1796இல், லாண்டாஃப் அத்தியட்சர் ரிச்சர்டு வாட்சன் மறுப்பு நூல் ஒன்று எழுதினார். அவர் தந்த விடை யாது? அப்பெண்கள் காமத்திற்காக அன்று, அடிமைத்தொழிலுக்காகவே வைக்கப்பட்டனர் என்பதாம்! இவ்விடையால் அவர் உள்ளம் ஆறுதலடைந்தது போலும். அந்நாளில் பிரிட்டிஷ் கப்பல்கள் ஆப்பிரிக்க மக்களைச் சங்கிலியிட்டு ஏற்றிச் சென்றுகொண்டிருந்தன. அவ்வாணிபத்தைப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டத்தால் தடுத்தது 1807இல். ஓர் அத்தியட்சர் தம் வேதத்தைக் காப்பதற்கு அடிமை வாணிபத்தின் நிழலில் ஒதுங்க நேர்ந்ததே! தீயதைத் தீயதென்று ஒப்ப மறுக்கும் நா, மற்றொரு தீமையை நன்றென்று சொல்லித்தான் தீரும்.

மீதியானியர் கொடியோர், ஆதலின் அழிந்தனர் என்பார் வேறு சிலர். நன்று. எந்த மீதியானியர்? எகிப்திலிருந்து உயிர் தப்பி ஓடி வந்த மோசேக்குக் கிணற்றங்கரையில் புகலிடம் கிடைத்தது மீதியானில். அவர் மணந்த சிப்போராள் மீதியான் குருவின் மகள். அவள் தந்தை எத்திரோ வனாந்தரத்திற்கு வந்து, ஒருவராய் எல்லா வழக்கும் தீர்த்துக் களைத்துப்போகாதே, தக்கோரை நியமித்து வேலையைப் பகிர்ந்துகொள் என்று மருமகனுக்கு அரசியல் கற்பித்தான். இவையெல்லாம் யாத்திராகமம் கூறுவன. பேயோர் மலையடியில் நிகழ்ந்த ஒரு தீய ஒழுக்கத்திற்காக, சம்பந்தி வீட்டார் இனமே, தொட்டிற் குழந்தை உட்பட, குற்றவாளியாய்விட்டதோ? அவ்வொழுக்கத்தைச் சொல்லும் அதிகாரம் முதலில் மோவாபின் பெண்களையன்றோ குற்றம் சாட்டுகின்றது?

இன்னும் சிலர், போர்ச் சிறைப்பட்ட பெண்ணுக்கும் இரக்கம் காட்டும் சட்டம் உபாகமத்தில் உளதென்று காட்டுவர். உளது, மறுக்கவில்லை. அவளை மனைவியாக்க விரும்புவோன் அவள் தன் தாய்தந்தையரை நினைத்து அழுதற்கு ஒரு மாதம் விடவேண்டும்; பின்னர் அவளை வேண்டாவெனின் விலைக்கு விற்றலாகாது, அவள் விருப்பப்படி போகவிடவேண்டும். அக்காலத்துப் படைவீரனின் கையை இச்சட்டம் ஓரளவு பிடித்து நிறுத்தியது மெய்யே. சட்டம் வகுத்தோன் அவள் கண்ணீரைக் கண்டிருக்கின்றான். ஆனால் அவள் சம்மதத்தைக் கேட்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரிகென் என்னும் கிறிஸ்தவப் பேராசிரியர் வேறொரு வழி கண்டார். யோசுவா அழித்த கானானியர் நம் உள்ளத்தில் குடிகொண்ட தீக்குணங்களே என்றார்; பாபிலோனியரின் குழந்தைகளைக் கல்லில் மோதுவோனை வாழ்த்தும் சங்கீதத்திற்கும், அக்குழந்தைகள் முளைத்தெழும் தீய எண்ணங்களே எனப் பொருள் விரித்தார். நல்ல நெஞ்சினர், இரத்தம் கண்டு நடுங்கியவர். எனினும் குழந்தை என்று எழுதியிருப்பது குழந்தைதான்.

இனி நகைப்போர் பக்கம் திரும்புவோம். இவர்தம் வாதம் புதியதன்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே மார்சியோன் என்பவர் எபிரேயரின் கடவுள் கொடியர், கிறிஸ்துவின் தந்தை வேறொருவர் எனக் கூறிப் பழைய ஏற்பாட்டையே தள்ளினார். அன்று தொட்டு இன்றுகாறும், அந்நூலில் உள்ள கொடுமையெல்லாம் யூதர்க்கு, அன்பெல்லாம் பிறர்க்கு எனப் பாகம் பிரிப்பார் இருந்தே வருகின்றனர். யூத மக்கள் நூற்றாண்டுதோறும் பட்ட துன்பத்தில் இப்பழிச்சொல்லுக்கும் பங்குண்டு. நகைப்போர் தாம் எவர் கையிலிருந்த கல்லை எடுத்து வீசுகின்றோம் என்பதை எண்ணிப் பார்ப்பது நலம்.

அன்றியும் அவர் ஓர் அதிகாரத்தைப் படித்துவிட்டு ஏட்டை மூடிவிடுகின்றனர். 31ஆம் அதிகாரத்தில் பூண்டோடு அழிந்த மீதியானியர், நியாயாதிபதிகள் ஆகமத்தில் வெட்டுக்கிளித் திரள்போல் ஒட்டகங்களோடு வந்து இஸ்ரவேலரை ஏழாண்டு ஒடுக்குகின்றனர். 1 சாமுவேலின் 15ஆம் அதிகாரத்தில் சவுல் அமலேக்கியரைப் பாலுண்ணும் குழவி வரை கொன்று தீர்க்கின்றான். அரசன் ஆகாகு ஒருவனையே உயிரோடு பிடித்து, அவனும் சாமுவேல் கையால் துண்டிக்கப்படுகின்றான். அதே நூலின் 30ஆம் அதிகாரத்தில் அமலேக்கியர் வந்து சிக்லாகு ஊரைக் கொளுத்திப் பெண்டு பிள்ளைகளை வாரிச் செல்கின்றனர். ஒருவரையும் அவர் கொல்லவில்லை என்று அந்நூலே குறித்திருப்பது வியப்பினும் வியப்பு. இறந்தோர் இங்ஙனம் மீண்டும் மீண்டும் எழுந்து வருவரெனின், அழித்தோம் என்னும் சொல்லை எங்ஙனம் கொள்வது?

எரிகோவைப் பற்றிய பகுதியில் தமிழ் வேதம் சாபத்தீடு என்றொரு சொல்லை ஆள்கின்றது. எபிரேய மூலத்தில் அது 'ஹேரெம்'. மனிதர் பயன்கொள்ளாவாறு தெய்வத்திற்கென ஒதுக்கி அழித்துவிடுதல் என்பது பொருள். இந்நாட்டில் நாள்தோறும் நம் செவியில் விழும் 'ஹராம்' என்னும் அரபுச் சொல்லும் அவ்வேரினின்று கிளைத்ததே. இவ்வழக்கம் இஸ்ரவேலர்க்கு மட்டும் உரியதன்று. யோர்தானுக்குக் கிழக்கே திபான் என்னுமிடத்தில் 1868இல் வெளிப்பட்ட கருங்கல் ஒன்று இன்று பாரிஸ் நகரத்து லூவர் காட்சிசாலையில் உளது. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில் மோவாபின் அரசன் மேசா வெட்டுவித்த கல் அது. நேபோ என்னும் ஊரை இஸ்ரவேலரிடமிருந்து கைப்பற்றி, 7,000 பேரை ஆண்பெண் வேறுபாடின்றிக் கொன்று, அவ்வூரைத் தன் தெய்வத்திற்கு ஹேரெம் ஆக்கியதாக அவன் பெருமையடித்துக்கொள்கின்றான். சொல்லும் அதுவே, செருக்கும் அதுவே, கொன்றோரும் இறந்தோரும் மட்டும் இடம் மாறி நிற்கின்றனர். எகிப்து மன்னன் மெர்னெப்தா கி.மு. 1208ஐ ஒட்டி நாட்டிய கல் 1896இல் கிடைத்தது. இஸ்ரவேலின் வித்தே இல்லாதொழிந்தது என்னும் கருத்து அதிற் பொறிக்கப்பட்டுளது. வித்தற்றுப்போன அம்மக்கள் அதன்பின் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருகின்றனர்.

இவ்வகைச் செருக்குரையைத் தமிழர்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஆநிரை கவர்தலை வெட்சி என்றும், கவர்ந்ததைப் பங்கிடுதலைப் பாதீடு என்றும், பகைவர் நாட்டில் தீயிடுதலை எரிபரந்தெடுத்தல் என்றும் துறை வகுத்த இலக்கணம் நம்முடையது. அத்துறைப் பாட்டுக்களை அரசாணையாக எவரும் கொள்வதில்லை. எரிந்த ஊரிலிருந்தவர் பாடவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

அற்றேல், இவையெல்லாம் நிகழாதன என்று சொல்லித் தப்பிவிடலாமே என்பார் உளர். நிலத்தை அகழ்ந்தோர் அதற்கு இடம் தருகின்றனர். காத்லீன் கென்யன் அம்மையார் 1952 முதல் 1958 வரை எரிகோவை அகழ்ந்து, யோசுவாவின் காலமென மதிக்கப்படும் கி.மு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அங்கு இடிந்து விழுவதற்கு மதில்சூழ் நகரமே இல்லை என்று கண்டார். ஆயி எனக் கருதப்படும் மேட்டை ஜூதித் மார்க்கே கிராவுஸ் அம்மையார் 1933 முதல் 1935 வரை அகழ்ந்ததில், அவ்வூர் யோசுவாவுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பாழ்பட்டுக் கிடந்ததென்று தெரிந்தது. உபாகமச் சட்டங்கள் கி.மு. ஏழாம் நூற்றாண்டில், யோசியா அரசன் காலத்தையொட்டி உருப்பெற்றன என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. அங்ஙனமாயின், மூச்சுள்ள எதனையும் விட்டுவைக்காதே என்னும் கட்டளை, கொல்லப்படவேண்டியோர் தனி இனமாக நில்லாத காலத்தில் எழுதப்பெற்றதாகும்.

இவ்வாராய்ச்சியை நாம் மதிக்கின்றோம். ஆயினும் இதனாற் கடன் தீர்ந்தது என்று எண்ணுவார்க்கு ஒரு செய்தி கூறுவோம். 1637ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள், வட அமெரிக்காவின் மிஸ்டிக் ஆற்றங்கரையில், பீகுவாட் இனத்தாரின் வேலி சூழ்ந்த ஊரை ஆங்கிலக் குடியேற்றக்காரர் விடியற்காலையில் வளைத்துத் தீ வைத்தனர். ஆடவரும் பெண்டிரும் குழந்தைகளுமாய் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அப்படைத் தலைவருள் ஒருவராகிய ஜான் அண்டர்ஹில் மறு ஆண்டு லண்டனில் வெளியிட்ட நூலில், இத்துணைக் கொடுமை ஏன் என்று கேட்போர் தாவீதின் யுத்தங்களைப் படித்துப் பார்க்கட்டும் என்னும் கருத்துப்பட எழுதினார். தம் செயலுக்கு வேதத்தில் போதிய வெளிச்சம் இருந்ததாம்! எரிகோவில் மதில் இருந்ததா இல்லையா என்று அவர் எவரையும் கேட்டிலர். நிகழாத கொலை நிகழ்ந்த கொலைக்கு முன்மாதிரியாயிற்று. அந்நூலிலேயே மற்றொன்றும் காண்கின்றது. ஆங்கிலேயருக்குத் துணையாய் வந்த நரகான்செட் இனத்தார், இப்போர் மிகக் கொடிது, மிகப் பலரைக் கொல்கின்றது, போதும் என்று முறையிட்டனராம். வேதம் அறியாதோர் என இகழப்பட்டோர் வாயிலிருந்து வந்த சொல் அது.

பழங்கதை என்று இதனைத் தள்ளவும் இயலாது. காசாப் போர் தொடங்கிய 2023ஆம் ஆண்டு அக்டோபரில், இஸ்ரேல் பிரதமர் நெத்தன்யாகு அமலேக்கு செய்ததை நினைவுகூருமாறு தம் மக்களுக்கு உரைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் சர்வதேச நீதிமன்றத்தில் தென்னாப்பிரிக்கா தொடுத்த வழக்கில் அச்சொல்லும் எடுத்துக்காட்டப்பட்டது. ஹமாஸ் இயக்கத்தையே அச்சொல் குறித்ததென்று அவர் அலுவலகம் மறுமொழி தந்தது. எதனைக் குறித்ததாயினும் ஆகுக. பாலுண்ணும் குழவியையும் கொல்லச் சொன்ன அதிகாரத்தின் பெயர் ஒன்று, போர்க்காலத்தில், படையுடைய ஒருவரின் வாயில் வரும்போது உலகம் நடுங்குவதற்குக் காரணம் உண்டு.

யூத ஆசிரியர்கள் இந்நடுக்கத்தை நெடுங்காலத்திற்கு முன்னரே உணர்ந்திருந்தனர். நகைப்போர் அறியாத செய்தி இது. தல்மூது என்னும் அவர்தம் பெருநூலின் யோமா என்னும் பகுதியில், அமலேக்கை அழிக்கக் கட்டளை பெற்ற சவுல் ஆண்டவனோடு வாதாடுவதாக ஒரு வரலாறு உளது. ஓர் உயிர் மாண்டாலே இத்துணைப் பரிகாரம் வகுத்த சட்டம், இத்தனை உயிர்க்கு என் செய்யும்? பெரியோர் பாவம் செய்தனரெனின் சிறியோர் செய்தது என்ன? மாடு செய்தது என்ன? சவுலின் கேள்விகள் இவை. அளவுக்கு மிஞ்சி நீதிமானாகாதே என்று விண்ணிலிருந்து கண்டனம் வந்ததாகவும் அங்கேயே எழுதியிருக்கின்றது. விடை நமக்கு நிறைவு தரவில்லை. அவ்வாசிரியர்க்கு நிறைவு தந்ததோ, அறியோம். எனினும் கேள்வியை அவர் அழித்துவிடவில்லை. தலைமுறை தலைமுறையாய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வந்தனர்.

மிஷ்னாவின் யாதாயிம் பகுதியில், அம்மோனியன் ஒருவன் தன்னைச் சபையிற் சேர்த்துக்கொள்ள வேண்டுகின்றான். சட்டம் தடுக்கின்றதே என்றார் கமாலியேல். அசீரிய அரசன் சனகெரிப் எல்லா இனங்களையும் கலந்துவிட்டான், இனி எவரை அம்மோனியன் என்பது என்றார் யோசுவா என்னும் ஆசிரியர். அவன் சேர்த்துக்கொள்ளப்பட்டான். 1204இல் மறைந்த மைமோனிடிஸ், எவரோடு போர் செய்யினும் முதலில் சமாதானம் கூறியே தீரவேண்டும், கானானியரும் அமலேக்கியரும் அதற்கு விலக்கல்லர் என்று விதித்தார். அழிக்கச் சொல்லப்பட்ட ஏழு இனங்களின் நினைவே அற்றுப்போயிற்று என்றும் எழுதிவைத்தார். கட்டளையைக் கிழித்தெறிய அவர்க்குத் துணிவில்லை. ஆனால் அதற்கு இரையாவார் எவரும் உலகில் இல்லாதவாறு செய்துவிட்டனர்.

பிற்காலத்தார் செய்த திருத்தமே இது, மூல நூலில் இல்லை என்பீரேல், மூல நூலுக்கே வருக. யெகூ என்பவன் ஆகாபின் குடும்பத்தையே யெஸ்ரயேலில் வெட்டிச் சாய்த்ததை இராஜாக்கள் ஆகமம் மெச்சுகின்றது. அதே யெஸ்ரயேலின் இரத்தப்பழிக்காக யெகூவின் வீட்டார் தண்டிக்கப்படுவர் என்று ஓசியா தீர்க்கதரிசி முழங்குகின்றார். ஒரே கட்டில் இரு ஏடுகள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. எஸ்தரின் கதையில் யூதர்க்குக் கொள்ளையிட அரசன் அனுமதி தந்தும் அவர் கொள்ளையில் கை வைக்கவில்லை என்று மூன்று முறை சொல்லப்படுகின்றது. ஆமான் ஆகாகின் வழியினன். மொர்தெகாய் சவுலின் குலத்தினன். சவுலின் கொள்ளையை எழுத்தாளன் மறக்கவில்லை. (அக்கதையிலும் 75,000 பேர் மாண்டதாக எழுதியிருப்பதை நாமும் மறக்கவில்லை.) மீதியான் அதிகாரத்தையே மீண்டும் பாருங்கள். ஒரு வீரனையும் இழவாது வென்று வந்த தலைவர்கள் 16,750 சேக்கல் பொன்னைக் கொண்டுவந்து தம் உயிர்க்குப் பாவநிவிர்த்தியாக வைக்கின்றனர்; வீரர் ஏழு நாள் பாளையத்திற்குப் புறம்பே இருந்து தீட்டுக் கழிக்கின்றனர். வெற்றி அத்துணைத் தூயதாயின் பாவநிவிர்த்தி எதற்கு?

நம் நெஞ்சை முழுதும் கவர்ந்தது 2 நாளாகமத்தின் 28ஆம் அதிகாரம். ஆகாஸ் யூதாவை ஆண்ட காலம். வடநாட்டு இஸ்ரவேலர் தம் உடன்பிறந்த யூதாவை வென்று, பெண்டிரும் பிள்ளைகளுமாய் 200,000 பேரைச் சிறைபிடித்துக் கொள்ளைப் பொருளோடு சமாரியாவுக்கு ஓட்டி வருகின்றனர். எண்ணில் மிகை இருக்கலாம், இருக்கட்டும். மோசே சேனையை எதிர்கொண்டவாறே இங்கு ஓதேத் என்னும் தீர்க்கதரிசி எதிர்கொள்கின்றார். இவரும் சினக்கின்றார், ஆனால் வானமளாவக் கொன்றீர்கள், இவர்களையும் அடிமையாக்க எண்ணுகின்றீர்களோ, உங்களிடமும் குற்றம் இல்லையோ, திருப்பி அனுப்புங்கள் என்று சினக்கின்றார். அசரியா, பெரகியா, எகிஸ்கியா, அமாசா என்னும் ஊர்த்தலைவர் நால்வர் எழுந்து, சிறைப்பட்டோரை இங்கே கொண்டுவரவேண்டா என்று படையை மறித்து நிற்கின்றனர். படைவீரர் சிறையையும் கொள்ளையையும் அவர்முன் விட்டு நீங்குகின்றனர்.

அப்போது கொள்ளைப் பொருள் என்னவாயிற்று? அதனைப் பங்கிட்டு ஐந்நூற்றுக்கு ஒன்று எவரும் எடுக்கவில்லை. ஆடையின்றி நின்றோர்க்கு அதிலிருந்து ஆடை எடுத்து உடுத்தினர், காலுக்குச் செருப்பு இட்டனர், உண்ணவும் குடிக்கவும் கொடுத்தனர், எண்ணெய் பூசினர், நடக்கமாட்டாதாரைக் கழுதைகளின்மேல் ஏற்றினர், பேரீச்ச மரங்களின் பட்டணமாகிய எரிகோவுக்குக் கொண்டுபோய் உற்றாரிடம் ஒப்புவித்துத் திரும்பினர்.

எரிகோவின் மதில் விழுந்த கதையை அறியாத ஞாயிறுபள்ளிப் பிள்ளை இல்லை. அதே எரிகோவுக்குள் கழுதைமேல் ஏறி வந்த இக்களைத்த பெண்டிரை எத்தனை பிள்ளைகள் அறிவர்? போதகர்களைக் கேட்கின்றோம்: இவ்வதிகாரத்தை எண்ணாகமம் 31க்கு அடுத்து, அதே ஞாயிற்றுக்கிழமையில், உரக்கப் படிப்பீர்களா? மேடையேறி நகைக்கும் நண்பர்களையும் கேட்கின்றோம்: நீங்கள் படிப்பீர்களா?